உயிலும் உள்ளமும்

மனிதன் தன் வாழ்நாளில் எழுதும் எழுத்துகளுள், அவன் கண் மூடிய பின்னரே பேசத் தொடங்குவது ஒன்று உண்டு. அதனை நாம் உயில் என்கிறோம். முன்னோர் மரண சாசனம் என்றனர். நம் இல்லங்களில் அதன் பெயரை எடுத்த அளவிலேயே, "விளக்கு வைக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று தடுத்துவிடுகின்றனர். பிள்ளைகளிடத்து நம்பிக்கை உள்ளவனுக்கு உயில் ஏன் என்று வினவுவோரும் உளர். உயில் எழுதுவது ஐயத்தின் அடையாளமா, அன்பின் கடமையா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

அல்சூர்ப் பகுதியில் நான் நன்கறிந்த பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து இளமையில் பெங்களூருக்கு வந்து, உழைத்துச் சிறு வீடு ஒன்றைக் கட்டியவர். மூத்த மகன் வீட்டுக் கடனில் பாதியை அடைத்தான். இளையவன் ஊரிலிருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டான். மகள், பெற்றோர் நோயுற்ற காலமெல்லாம் உடனிருந்து பேணினாள். பெரியவர் உயில் எழுதாமலே மறைந்தார். கருமாதி முடிந்த மறுநாள், "இந்த வீடு உனக்குத்தான் என்று அப்பா என்னிடம் சொன்னார்" என்றான் மூத்தவன். இளையவனும் அதையே சொன்னான். மகளும் அதையே சொன்னாள். தாய் எவர் பக்கமும் பேச இயலாது சுவரோரம் அமர்ந்திருந்தார்.

மூவருள் எவரும் பொய்யர் அல்லர் என்பதே இதில் பெருந்துயரம். கடன் தீர்ந்த நாளில் மூத்தவனிடமும், அறுவடை நாளில் இளையவனிடமும், காய்ச்சலில் கஞ்சி பருகிய இரவில் மகளிடமும் நெஞ்சு நெகிழ்ந்து அவர் சொல்லியிருக்கிறார். போர்க்களத்தில் கைகேயிக்குத் தந்த வரம், முடிசூட்டு நாள் குறித்த பின்னர் வெளிப்பட்டபோது அயோத்தி என்ன ஆயிற்று என்பதை நாம் அறிவோம். வரம் தந்தது தசரதனின் பிழையாகாது. தந்ததை அவையறியச் சொல்லாமையே பிழை.

ஊரில் வாழ்ந்த காலத்தில் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு இன்னது என்று திண்ணையில் அமர்ந்து சொன்னால், அதற்கு ஊர்ப் பெரியோர் சாட்சியாக இருந்தனர். பிழைப்புத் தேடி வந்த நகரத்தில் நம் சொல்லுக்குச் சுவர்களே சாட்சி. பிள்ளைகளோ ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். ஊரார் இருந்த இடத்தில் இன்று ஒரு தாள்தான் இருக்க முடியும்.

தந்தை வாய் திறவாது மறைந்தால் சட்டம் பேசும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, ஆடவன் தானே ஈட்டிய சொத்து அவன் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். அன்றைய மைசூர் அரசு 1933ஆம் ஆண்டிலேயே இந்துப் பெண்களின் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழகம் 1989இலும், கருநாடகம் 1994இலும் வழங்கின. 2005இல் அது நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. இவை நாம் போற்றத்தக்கவை. ஆயினும் கடனை அடைத்தவர் யார், கஞ்சி ஊட்டியவர் யார் என்பதைச் சட்டம் அறியாது. அதனை அறிந்தவர் பெற்றவர் மட்டுமே.

நாமினி படிவம் நிரப்பியாயிற்றே, அது போதாதா என்று கேட்போர் பலர். மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இப்படிவங்கள் அன்றாடப் பழக்கம். திருமணத்திற்கு முன் எழுதிய படிவத்தை மாற்றாமலே ஓய்வு பெறும் நாளை எட்டுவோர் உண்டு. பங்குப் பத்திரங்களுக்கு நாமினியாகக் குறிக்கப்பட்டவர் அவற்றைப் பெற்றுக்கொள்பவரே. அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடார் என்று 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. குடும்ப ஓய்வூதியமோ விதிகளின்படியே செல்லும்; உயிலாலும் அதனை மாற்ற இயலாது.

உயில் எழுதுவதும் பெரிய காரியமன்று. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமன்று, செய்தல் நலம். எழுதியவர் ஒப்பமிட்டதை அறிந்த இருவர் சாட்சியாக ஒப்பமிட்டாக வேண்டும். சென்னை நகரில் வீடுள்ள பெங்களூர் இந்துக் குடும்பத்தார், இங்கு எழுதிய உயிலுக்கும் நீதிமன்றத்தில் புரொபேட் பெற வேண்டியிருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் அந்தக் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. எனினும் ஒருவர் உயிலை மறுத்தால், அதனை மெய்ப்பிக்கும் சுமை அதனைக் காட்டுபவரையே சாரும். புரொபேட் வழங்கும் நீதிமன்றமும், இவ்வுயில் தெளிந்த மனத்துடன் முறைப்படி எழுதப்பட்டதா என்றே பார்க்கும். பங்கீடு நியாயமானதா என்று அது கேளாது.

அவ்வாறாயின் நியாயத்தைக் கேட்பவர் யார்? இங்கேதான் உயிலின் மறுபக்கம் புலப்படுகிறது. மகளுக்குச் சட்டம் தந்த சமபங்கைப் பறிப்பதற்கென்றே, "கல்யாணத்திற்குச் செய்தாயிற்று" என்று உயில் எழுதும் தந்தையரும் உளர். அதுவும் செல்லுபடியாகக் கூடியதே! ஆகவே உயில் எழுதியவர் நல்லவர், எழுதாதவர் பொறுப்பற்றவர் என்று கொள்ளலாகாது. என் சிற்றறிவுக்கு எட்டிய உரைகல் ஒன்றே: எழுதியதைத் தாம் உயிருடன் இருக்கும்போதே மக்கள் அனைவர் முன்னும் படித்துக் காட்ட ஒருவரால் இயலுமா? மகளின் முகம் பார்த்துப் படிக்க நாணும் வரி, எழுதத்தகாத வரி.

முன்னரே அறிந்தால் பிள்ளைகள் வற்புறுத்துவர், புறக்கணிப்பர் என்னும் அச்சம் பொய்யன்று. அத்தகைய நிலையில் இருக்கும் முதியோர் மறைத்து வைப்பதை யாரும் குறை கூற இயலாது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம் என்பது அவர்களுக்கு ஆறுதல். எழுதிப் பதிந்த செட்டில்மெண்ட் பத்திரத்தை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. பேணுவதாக ஒப்பிச் சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், அதனை மீட்க 2007ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டம் வழி செய்கிறது. ஆயினும் பேணவேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தல் அறிவுடைமை.

அல்சூர் வீட்டின் காத்தா ஈராண்டு காலம் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. பின்னர் ஒருநாள் அந்தத் தாய் மூவரையும் அழைத்தார்; சாட்சிக்கு என்னையும் அழைத்தார். எழுத்தறியாத அவர் சொல்லச் சொல்ல எழுதிய உயிலைப் பேரன் உரக்கப் படித்தான். தம் பங்கு மகளுக்கு என்றும், காரணம் இன்னது என்றும், மகன்கள் மீது மனத்தாங்கல் ஏதுமில்லை என்றும் அதில் இருந்தது. கைநாட்டு வைத்துவிட்டு, "யாருக்காவது குறை இருந்தால் நான் இருக்கும்போதே கேளுங்கள்" என்றார். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு மூத்தவன், "அப்பாவும் இப்படிச் சொல்லியிருக்கலாம் அம்மா" என்றான்.

அவன் குரலில் சினம் இல்லை.