யாருடைய பெயரைத் தள்ளிவிட்டு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துபோன பிறகு, நமது கிளைக் கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்த மனிதர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மழை, வயல், மகளுடைய படிப்பு என்று சற்று நேரம் பேசினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சுவாமி, தொகுப்பு வீட்டுப் பட்டியலில் என் பேர் வந்திருக்கிறது. ஊரில் என் பேருக்கு இருப்பது அப்பா காலத்துக் குடிசைதான். ஆனால் டவுனில் வீட்டுக்காரி பேரில் மெத்தை வீடு ஒன்று இருக்கிறது. பட்டியல் எழுத வந்தவருக்கு அது தெரியாது. இது சர்க்கார் பணம். யார் வீட்டுப் பெட்டியையும் நான் உடைக்கவில்லை. வாங்கிக்கொண்டால் பாவமா?"

இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட கேள்வியல்ல. வாசலில் நின்று கேட்டது. பேரும் ஊரும் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டோம். அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டார் என்பதே அவருக்கு மரியாதை. இதே நிலையில் இருந்தும் கேட்காமல் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

அவருடைய வாதத்தில் ஒரு பலம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். ஒருவன் அயலானுடைய ஆட்டைத் திருடினால் அழுகிறவன் யார் என்று தெரியும். சர்க்கார் பணத்தை வாங்கினால் யார் அழுகிறார்கள்? கஜானா அழுவதில்லை. ஆகையால் இது பொதுக் குளத்தில் ஒரு குடம் மொள்ளுவது போன்றதே என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இந்தச் சமாதானம் சரியா என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த வீடுகள் எப்படி வருகின்றன என்று கொஞ்சம் அறிந்துகொள்வது அவசியம்.

கிராமத்து ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் மத்திய அரசின் திட்டம் 1985-ம் ஆண்டில் இந்திரா குடியிருப்புத் திட்டமாகத் தொடங்கி, 1996-ல் தனித் திட்டமாகி, 2016-ம் ஆண்டு ஏப்ரலில் பிரதமர் பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய் என்றும், சமையல் இடத்தோடு சேர்த்து வீடு குறைந்தது 25 சதுர மீட்டராவது இருக்கவேண்டும் என்றும் வகுத்தார்கள். செலவில் 100-க்கு 60 மத்திய அரசும் 40 மாநில அரசும் ஏற்றன. தமிழ்நாட்டு அரசு தன் பங்குக்கு 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டத்தை அறிவித்து, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம், வீடு ஒன்றுக்கு 3,50,000 ரூபாய் என்று சொல்லிற்று.

தொகைகள் பெரியவை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, எண்ணிக்கையை. இந்த ஆண்டு இந்த ஊராட்சிக்கு இத்தனை வீடு என்று ஒரு அளவு வருகிறது. கேட்பவர்களோ அதைவிட அதிகம். 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு வீடற்றவர்கள், ஓர் அறை, இரண்டு அறை மண்வீட்டில் இருப்பவர்கள் என்று தேவையின்படி வரிசை எழுதி, அதைக் கிராம சபை சரிபார்க்க வேண்டும் என்றது விதி. வரிசை என்றால் என்ன? ஒருவர் முன்னால் நின்றால் இன்னொருவர் பின்னால் போகிறார். குளத்து உவமை இங்கே உடைந்துபோகிறது. குளத்தில் ஒரு குடம் மொண்டால் அடுத்தவள் குடத்துக்குத் தண்ணீர் குறையாது. இங்கே ஒவ்வொரு பெயரும் வேறொரு பெயர் இருந்த இடத்தில் எழுதப்படுகிறது. டவுனில் மெத்தை வீடு உள்ளவர் பெயர் 11-வதாக இருந்தால், 12-வதாக இருப்பவள் இந்த மழைக்காலத்தையும் தென்னங்கீற்றின் கீழே கழிக்கிறாள். ஆகவே அழுகிறவர் ஒருவர் இருக்கிறார். நமக்கு அவர் பெயர் தெரியாது. அல்லது தெரியும், ஆனால் நினைக்க விரும்பவில்லை.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பொதுச் சொத்தைப் பங்கிடுவதில் உள்ள நீதியைப் பற்றி எழுதும்போது, அதற்கு விரோதமான பாவம் ஒன்றைத் தனியே எடுத்துப் பேசுகிறார். ஆள் பார்த்துக் கொடுப்பதே அந்தப் பாவம். அவர் காட்டும் உதாரணம் ஆசிரியர் பதவி. கல்வி உண்டென்று ஒருவனை அதில் அமர்த்தினால் அது நீதி. அவன் பணக்காரன், நம் உறவினன் என்று அமர்த்தினால் அது குற்றம். நம் ஊர்ப் பாஷையில் இதற்கு "நம்ம ஆள்" என்று பெயர். நம்ம ஆளுக்குச் செய்கிறவர் தன்னை நல்லவர் என்றே எண்ணிக்கொள்கிறார். உபகாரி என்று பேரும் வாங்குகிறார். அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில், பொன்மோதிரக்காரனுக்கு ஆசனம் காட்டி ஏழையை நிற்கச் சொல்லும் சபையை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

அக்குவினாஸ் இதைவிட நுட்பமான ஒரு கேள்வியும் கேட்கிறார். ஒருவனுக்குக் கிடைக்கவிருந்த திருச்சபை மானியத்தை இன்னொருவன் அநியாயமாகத் தடுத்துவிட்டால், தடுத்தவன் நஷ்டஈடு செய்யக் கடமைப்பட்டவனா? இன்னும் கைக்கு வராததைக் கெடுத்தவன், முழு மதிப்பையும் அல்ல, சந்தர்ப்பத்தைப் பார்த்து ஓரளவு ஈடு செய்யவேண்டும்; ஏற்கெனவே உறுதியாகிவிட்டதைப் பறிக்கச் செய்தவனோ முழுவதும் ஈடு செய்யவேண்டும் என்பது அவர் முடிவு. 13-ம் நூற்றாண்டில் மானியத்தைப் பற்றி எழுதியது இது. தொகுப்பு வீட்டுக்கு இது பொருந்தாது என்று சொல்ல எமக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. ஆக, "மனஸ்தாபப்பட்டேன், முடிந்தது" என்று இந்தக் காரியம் தீர்வதில்லை.

இங்கே ஒரு வித்தியாசம் பார்க்கவேண்டும். விதிக்கு மாறாக நடப்பதெல்லாம் ஒரே அளவு குற்றமாகாது. விதியே சில சமயம் அநியாயமாக இருக்கும். இயந்திரம் பொருத்திய மீன்பிடி படகு வைத்திருந்த குடும்பம் முன்னே இந்தத் திட்டத்தில் சேர முடியாது. கடற்கரை ஜனங்களைக் கேளுங்கள்: பழைய வள்ளமும் கடனில் வாங்கிய என்ஜினும் ஒருவனைப் பணக்காரனாக்கிவிடுமா? 2024-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இரு சக்கர வண்டி, குளிர்பெட்டி ஆகியவற்றைக் காரணம் காட்டித் தள்ளுவதையும் நீக்கி, மாத வருமான வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கினார்கள். நல்லது. அப்படியே, தனக்கு நியாயமாக உரிய வீட்டுக்காகக் கையூட்டு கேட்கப்பட்டு, வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டு அழுகிறவளையும், பிறருக்கு உரியதைப் பணம் கொடுத்து வாங்குகிறவனையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. முன்னவள் கொள்ளை கொடுத்தவள்.

வாசகரே, திருச்சபையில் எழுந்த முதல் சச்சரவுகளில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? பட்டியலைப் பற்றியது! அப்போஸ்தலர் நடபடி 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் நாள்தோறும் நடந்த பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க பாஷைக்காரர், எபிரேய பாஷைக்காரர்மேல் முறையிட்டார்கள். வேண்டுமென்றே தள்ளினார்கள் என்று வேதத்தில் எழுதவில்லை. பங்கிட்டவர்களுக்குத் தங்கள் பாஷை பேசும் விதவைகளை முகம் தெரியும்; மற்றவர்களைத் தெரியாது. அவ்வளவுதான் நடந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அநீதிக்குப் பகை தேவையில்லை, அறியாத முகம் போதும்.

அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். "முறுமுறுக்காதீர்கள், ஜெபம் செய்யுங்கள்" என்று அடக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நம் அர்ச். முடியப்பர் அவர்களில் முதல்வர். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! முறையிட்ட கட்சியிலிருந்தே விசாரணைக்காரரைத் தேடியிருக்கிறார்கள் என்று வேத விற்பன்னர்கள் பலர் கருதுகிறார்கள். தள்ளப்பட்டவனுடைய கையில் பட்டியலைக் கொடுப்பது! நம்முடைய பங்குச் சபைகள் எதிலாவது இப்படி நடந்ததுண்டா?

நமது அரசாங்கமும் இந்தப் பாடத்தை மெதுவாகவே கற்றது. சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி 55 வட்டாரங்களில் பெரிய நம்பிக்கையோடு தொடங்கியது. ஜனங்களின் முயற்சியைத் தட்டி எழுப்புவதில் அது வெற்றி பெறவில்லை என்று 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு கண்டு, பஞ்சாயத்துகளிடம் அதிகாரத்தைக் கொடுக்கச் சொல்லிற்று. 1992-ன் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் தந்தது. பட்டியல் இப்போது நம் மத்தியில் வாசிக்கப்படுகிறது. ஆகவே அதன் பாவமும் நம் மத்தியில் வந்து நிற்கிறது.

ஆனால் நாம் எங்கே இருக்கிறோம்? தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாட்கள் குறிக்கப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மூன்று நமது திருநாட்கள். மே 1 தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள், ஆகஸ்டு 15 தேவமாதா மோட்சத்துக்கு ஆரோபணமான திருநாள், நவம்பர் 1 சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள். பூசை, சுற்றுப்பிரகாரம், விருந்து என்று நாம் இருக்கும் நேரத்தில் அங்கே பட்டியல் வாசித்து முடிந்துவிடுகிறது. பிறகு அறியாதவர்போல் சுவாமியாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்க வருகிறோம். (சிபாரிசுக் கடிதமும் ஆள் பார்ப்பதில் ஒரு வகையே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இனி எழுதுவதாக இல்லை.)

சொல்லக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். 1950-ம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவனான தாழ்த்தப்பட்டவன் அட்டவணைச் சாதிக் கணக்கில் சேரமாட்டான். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், நம்மவரைச் சேர்க்கவில்லை. 2016-ன் வீட்டுத் திட்டத்தில் 100-க்கு 60 பங்கு அட்டவணைச் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டபோது, அதே தெருவில் அதே கூரையின் கீழ் இருந்த ஞானஸ்நானம் பெற்றவன் அந்த 60-க்கு வெளியே, சிறுபான்மையோருக்கான 15-ல் நின்றான். இது அநீதி என்று நாம் ஊர்வலம் போகிறோம், போகவும் வேண்டும். ஆனால் 1997-ல் தமிழ்நாட்டு அரசு சமத்துவபுரம் என்று 100 வீடு கட்டி, 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று அடுத்தடுத்துக் குடிவைக்க முயன்றபோது, நம் கல்லறைகள் சிலவற்றில் சாதிச் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. சர்க்கார் உயிரோடிருப்பவர்களைச் சேர்த்து வைக்கப் பார்த்தது. நாம் செத்தவர்களையும் சேர்க்கவில்லை.

இனி, அந்த 12-வது பெயர்க்காரியைப் பற்றி. பெயர் வந்துவிட்டாலும் அவள் கஷ்டம் தீராது. மனை வேண்டும், பட்டா வேண்டும். பணம் கட்டடம் ஏற ஏறத் தவணையாக வரும். அஸ்திவாரம் போடக் கையில் காசில்லாதவள் முதலிலேயே வட்டிக்கு வாங்குவாள். வாசல் நிலை வைத்த மட்டத்தில் நின்றுபோன வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963-ம் ஆண்டு நிருபத்தில் உணவு, உடையோடு உறைவிடத்தையும் மனிதனுடைய உரிமைகளில் வைத்தார். அந்த உரிமையைத் தீர்க்க வேண்டியது அரசுதான். நாம் கல் சுமந்துவிட்டால் அதன் கடமை குறையாது. என்றாலும், நமது வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் கொடுக்கும் அரிசியோடு, இப்படி நின்ற வீடு ஒன்றுக்கு அஸ்திவாரச் செலவை வட்டியின்றிக் கடனாகக் கொடுக்கலாமா என்று யோசிக்கும்படி கேட்டிருக்கிறோம். கொத்தனாரும் சித்தாளும் நம் பங்கில் குறைவில்லை.

வாசலில் நின்றவருக்கு நாம் சொன்னது இதன் சுருக்கமே. அவர் கேட்டார்: "நான் விட்டுக்கொடுத்தால் அது உண்மையான ஏழைக்குப் போகும் என்று என்ன நிச்சயம், சுவாமி? என்னைவிட வசதியானவன் நுழைந்தால்?" நிச்சயம் ஒன்றும் தர முடியவில்லை. "உங்களுக்கு அடுத்த பெயர் யாருடையது?" என்று மட்டும் கேட்டோம். அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு விதவை, தூரத்து உறவுங்கூட. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோத்திரம் சொல்லிப் போனார். விலகுவதாக எழுதிக் கொடுத்தாரா என்பது இதை எழுதும்வரை நமக்குத் தெரியாது.

ஆகஸ்டு 15 அன்று கிராம சபை காலை 11 மணிக்கு. அன்று பாட்டுப் பூசை ஏழு மணிக்கே வைக்கப்படும். சுற்றுப்பிரகாரம் மாலையில்.