தனிமையின் விலை

தனியாக ஊர் சுற்றுவது சரியா, தவறா என்பது பழைய கேள்வி. குடும்பஸ்தன் ஒருவன் இரண்டு நாள் தனியே கிளம்பினால் வீட்டிலே முகங்கள் வாடும். அக்கம்பக்கத்தார் காரணம் கேட்பார்கள். அந்த வழக்கை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. மனிதனுக்கு அவ்வப்போது தனிமை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு விடுவோம். என் சந்தேகம் வேறு. அந்தத் தனிமையை நாம் எங்கே போய்த் தேடுகிறோம்? அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கு அது என்னவாக இருக்கிறது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போய்க் கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப் பாதை தொடங்கிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி. ஊட்டியின் உயரமும் இல்லை, ஊட்டியின் நெரிசலும் இல்லை. சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள், மழை பெய்தால் உயிர் பெறும் மேகம், பெரியார் அருவிகள். தனிமையை நாடிப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளிமலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு பகல் முழுவதும் கால் போன போக்கில் நடந்தேன். ஒரு திருப்பத்தில் செல்போனில் கோடுகள் மறைந்து போயின. 'அப்பாடா!' என்றது மனசு.

சற்றுத் தொலைவில், விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி இளைப்பாறிக் கொண்டிருந்தாள்.

"தனியாவா வந்தே, தம்பி? கூட யாரும் இல்லையா?"

"இல்லை ஆயா. ரெண்டு நாள் தனியா இருந்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் சிரித்தாள். "நல்லா இருக்கே! நாங்க தனியாக் கெடக்கிறோமேன்னு பஸ்ஸு கேட்டுக்கிட்டு இருக்கோம். நீ தனியா இருக்க இங்க ஏறி வந்தியாக்கும்!"

அவள் குத்திக் காட்டிப் பேசவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் விஷயம் வேடிக்கையா? செல்போனில் கோடுகள் மறைந்தது எனக்குச் சாந்தி. பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108-ஐக் கூப்பிட வேண்டியவனுக்கு அதுவே சாபம். பொருள் ஒன்றுதான்; ஒருவனுக்கு விருந்து, மற்றவனுக்குப் பட்டினி.

இந்த மலையின் தனிமை இயற்கை மட்டும் தந்ததல்ல. சமவெளியில் ஜமீன்களை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்வராயன் மலையிலோ மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று தங்கள் பூர்வ கதையைச் சொல்லும் மலையாளிப் பழங்குடிகள், நாடு விடுதலை பெற்றுச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பிடியிலிருந்து வெளிவந்தார்கள். நாம் 'தீண்டப்படாத அழகு' என்று புகழ்வதில் பாதி, தீண்ட வேண்டியவர்கள் தீண்டாமல் விட்டதால் மிஞ்சியது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். உயிரைக் குடித்தது மெத்தனால் என்னும் ஆலை ரசாயனம். இருந்தும் பேச்சு மலைமேல் ஏறியது. 'கல்வராயன் மலையா? சாராய மலை!' என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள் பலர். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றி வழக்கெடுத்து விசாரித்தது. சாராய மலை என்று ஒருவன் சொல்கிறான். சொர்க்க பூமி என்று இரண்டு நாள் தங்கிய இன்னொருவன் சொல்கிறான். இருவருமே மலையைப் பார்த்தார்கள்; மனிதர்களைப் பார்க்கவில்லை.

'அப்படியானால் யாரும் எங்கும் போகக் கூடாதா? உம்முடைய மன உறுத்தலால் ஒரு முழம் ரோடு நீளுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உறுத்தல் ரோடு போடாதுதான். அருவியைக் கண்டு மகிழ்வதிலும் பாவம் இல்லை. ஆனால், 'இந்த இடம் இப்படியே இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு மலையிறங்குகிறோமே, அங்கேதான் பாவம் தொடங்குகிறது. அந்த ஆசைக்கு விலை கொடுப்பவர்கள் நாம் அல்ல. சாலை வந்தால் அழகு போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்விட்ஸர்லாந்தில் யுங்ஃப்ராவ் மலைக் கணவாய்க்கு, 11,000 அடிக்கு மேலே, 1912-லேயே ரயில் போய்விட்டது. இன்றும் உலகம் அதன் அழகைப் பார்க்கத்தான் அங்கே போகிறது.

ஆகவே, தனியே போகிறவன் தனக்குத்தானே வைத்துக்கொள்ள ஒரு பரீட்சை உண்டு. அடுத்த முறை வரும்போது இங்கே டவர் நிற்கும். பஸ் மணிக்கு ஒன்று ஓடும். நான் அனுபவித்த அமைதி இருக்காது. அதைக் கேட்டு என் மனம் மகிழுமா, சுருங்குமா? மகிழுமானால் அவன் விருந்தாளி. எந்த ஊர் வாசலிலும் அவனுக்குத் திண்ணை உண்டு. சுருங்குமானால், அவன் எத்தனை மலை ஏறினாலும் தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தித்திருக்க மாட்டான்.