இன்மையால் அறிதல்

'இன்றியமையாதது' என்னும் தமிழ்ச் சொல்லினுள்ளேயே ஒரு பரிசோதனை அடங்கியுள்ளது. ஒன்றை இல்லாமற் செய்தவிடத்து மற்றையது அமையவில்லையாயின், முன்னது பின்னதற்கு இன்றியமையாதது. தருக்க நூலார் இதனை வெதிரேகம் என்பர்: தீ இல்லாதவிடத்துப் புகையும் இல்லை.

முளையவியல் பெரும்பாலும் இவ்வழியிலேயே நடந்துள்ளது. பிரெஞ்சு உயிரியலாளரான லூசியன் குவேனோ மஞ்சள்நிறச் சுண்டெலிகளைத் தம்முள் இணைத்தபோது, தூய மஞ்சள் வழியினதான சந்ததி ஒன்றேனும் கிடைக்கவில்லை என்பதை 1905 இல் எடுத்துக்காட்டினார். மஞ்சட் பரம்பரையலகைத் தாங்கிய முட்டையும் விந்தும் ஒன்றுகூடுவதில்லை என்பது அவர் கருத்து. 1910 இல் அமெரிக்கரான காசிலும் லிற்றிலும் குட்டிகளை எண்ணினர். மஞ்சளும் பிறநிறமும் மூன்றுக்கு ஒன்றாக இராது, இரண்டுக்கு ஒன்றாக இருந்தன. கூடியவை கருப்பையிலே அழிகின்றன என அவர்கள் துணிந்தனர். பிறவாதவற்றைப் பிறந்தவற்றின் தொகையிற் கண்ட அந்த நுட்பம் வியத்தற்குரியது!

அன்று காத்திருந்து கண்ட இன்மையை இன்றைய ஆய்வாளர் தாமே ஆக்குகின்றனர். 2016 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றிற் சுண்டெலியின் 1751 பரம்பரையலகுகள் தனித்தனியே செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் 410 இன் இழப்பு உயிர்க்கு இறுதியாயிற்று.

ஆயின் இன்றியமையாமை என்பது பரம்பரையலகின் குணமா? மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியை ஆக்கும் அலகொன்றை நீக்கிய பரிசோதனை 1995 இல் வெளியாயிற்று. ஒரு குலவழியில் முளையம் கருப்பையிற் பதியுங் காலத்திலேயே அழிந்தது. மற்றொன்றிற் சூல்வித்தகம் பழுதுற்று, கருக்காலத்தின் நடுவே இறந்தது. மூன்றாவதிலோ குட்டிகள் பிறந்து, மூன்று வாரம்வரை வாழ்ந்தன. நீக்கப்பட்டது ஒன்றே, விளைவுகள் மூன்று. 'இது இன்றேல் உயிரில்லை' என்னுந் தீர்ப்பு, 'எவ்வுடலில்?' என்னும் வினாவை விழுங்கிவிடுகின்றது. தூணைப் பெயர்க்கக் கூரை வீழ்ந்தால், தூண் கூரையைத் தாங்கியது என்பது தெளிவு. தூணே கூரையை வேய்ந்தது என எவருங் கூறார். ஒரு பரம்பரையலகையே உயிரின் காரணமென எழுதுவோர் ஏறக்குறைய அதனையே கூறுகின்றனர்.

அறவினாவும் இதனோடு பிணைந்துள்ளது. சில கலங்களேயான முளையத்தின் அழிவை நோவு என்பது மிகை. மூன்று வாரம் வாழ்ந்த குட்டியின் நிலை வேறு. அது நோவை உணரும். அதன் இறப்பு ஆய்வில் நேர்ந்த தவறன்று, ஆய்வு வேண்டிய விடையே அதுதான். அவ்விடையைக் கொண்டு மானிட முளையமொன்றின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முற்படுவோர், அம்மூன்று குலவழிகளுள் எதனை மனிதனுக்கு அளவையாகக் கொள்கின்றனர் என்பதை முதலிற் சொல்லியாகவேண்டும்.