ஓடுதடக் கோடும் வெள்ளிப் பதக்கமும்

வெனிசுவேலாவுக்கு வடக்கே கரிபியக் கடலில் உள்ள குராசோ தீவில் 1984-இல் பிறந்தவர் சுராண்டி மார்ட்டினா. தொடக்கத்தில் நெதர்லாந்து ஆன்டிலிஸ் என்ற ஆட்சிப்பகுதிக்காக ஓடினார். அது தனி நாடு அல்ல. நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட சில தீவுகளின் கூட்டு. ஒலிம்பிக்கில் அது பெற்ற ஒரே பதக்கம், 1988 சியோலில் யான் பூர்ஸ்மா விண்ட்சர்ஃபிங்கில் வென்ற வெள்ளி.

இரண்டாவது பதக்கம் 2008-இல் பெய்ஜிங்கில் கைக்கு எட்டியது. 200 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் 19.30 நொடியில் உலக சாதனை படைக்க, மார்ட்டினா 19.82 நொடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த அமெரிக்கர் வாலஸ் ஸ்பியர்மன் தடம் பிசகியதால் நீக்கப்பட்டார். பிறகு, மார்ட்டினாவும் வளைவில் கோட்டை மிதித்தார் என்று அமெரிக்க அணி முறையிட, அவரும் நீக்கப்பட்டார். 19.96 நொடியில் ஓடிய ஷான் கிராஃபோர்டுக்கு வெள்ளி போனது. மேல்முறையீடும் 2009-இல் தள்ளுபடியானது.

அந்த வெள்ளி யாருக்கு உரியது என்பதற்குத் தத்துவத்தில் இரண்டு விடைகள் உண்டு. பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியான தம் நூலில், தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்பதே விளையாட்டு என்றார். மைதானத்தின் குறுக்கே ஓடினால் எல்லையை விரைவாகத் தொடலாம்; ஆனால் அது 200 மீட்டர் ஓட்டம் ஆகாது. விதிதான் ஓட்டத்தை உண்டாக்குகிறது. விதியை மீறியவர் அந்த ஓட்டத்தை ஓடவே இல்லை, எனவே வென்றிருக்கவும் முடியாது. வாதம் கச்சிதமானதுதான். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர், கோட்டை மிதித்துச் செல்லும் கால் மிச்சப்படுத்துவது சொற்பத் தொலைவு. கிராஃபோர்டை மார்ட்டினா முந்தியதோ 0.14 நொடி, அந்த வேகத்தில் ஒரு மீட்டருக்கும் மேல்.

ஜோயல் ஃபைன்பெர்க்கின் பிரிப்பு இங்கே கூடுதலாக உதவுகிறது. விதிப்படி பரிசைக் கோரும் உரிமை ஒன்று. அதற்கான அருகதை வேறொன்று. இரண்டும் ஒருவரிடமே சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெய்ஜிங்கில் அவை பிரிந்தன. அடுத்த சில நாட்களில் சூரிச்சில் கிராஃபோர்டு தம் வெள்ளியை மார்ட்டினாவுக்கே கொடுத்துவிட்டார். சூட்ஸின் கணக்கில் இது வெறும் தாராள மனம். ஃபைன்பெர்க்கின் கணக்கில் கடன் தீர்த்தல். பட்டியலில் மட்டும் கிராஃபோர்டின் பெயரே நிற்கிறது. அருகதையைப் பதிவு செய்ய அதில் இடமில்லை.

2010 அக்டோபர் 10 அன்று அந்த ஆட்சிப்பகுதியே கலைக்கப்பட்டது. மார்ட்டினா நெதர்லாந்தின் ஆரஞ்சு உடைக்கு மாறினார். 2012-இல் ஹெல்சின்கியில் ஐரோப்பிய 200 மீட்டர் பட்டம் வென்றார். 2016-இல் ஆம்ஸ்டர்டாமில் 100 மீட்டர் தங்கத்தையும் பெற்றார். அதே போட்டியில் 200 மீட்டரிலும் முதலில் வந்தார். மறுபடியும் கோடு குறுக்கிட, தங்கம் ஸ்பெயினின் புருனோ ஓர்ட்டெலானோவுக்குப் போனது.

பின்னாளில் உலகத் தடகள அமைப்பு விதியைத் தளர்த்தியது: வளைவில் இடக்கோட்டை ஒருமுறை தொட்டால் நீக்கம் இல்லை. விதியே ஓட்டத்தை உண்டாக்குகிறது என்றால், இன்று ஓடப்படுவது 2008-இல் ஓடியதல்லாத வேறொரு விளையாட்டு என்றாகும். ஓடுபவர் யாரும் அப்படி நினைப்பதில்லை. பழைய நேரங்களும் புதிய நேரங்களும் ஒரே பட்டியலில்தான் ஒப்பிடப்படுகின்றன. உரிமையின் எல்லை மட்டுமே நகர்ந்தது என்று கொள்ளும் ஃபைன்பெர்க்கின் வழியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.