பத்தியமும் நஃப்ஸும்

நம்முடன் நெடுங்காலமாக ஓதிக்கொடுத்து வரும் ஆலிம் ஒருவர், அண்மையில் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தூணோரம் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு எனக் கண்டறிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மருத்துவர் மூன்று உணவு முறைகளை விளக்கி, "இவற்றுள் உங்களால் கடைப்பிடிக்கக் கூடியதைத் தேர்ந்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டாராம். "மருந்தை அவர் எழுதுகிறார், பத்தியத்தை மட்டும் நோயாளியே தேர்ந்துகொள்வதா? ஏழாண்டுகளாக இந்நோயோடு வாழ்கிறீர்களே, எதை எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. அவர் கேட்டது மருத்துவக் கேள்விதான். ஆயினும் அதில் ஒரு பாதி நாம் ஓதிக் கற்ற துறையைச் சேர்ந்தது என்றே நமக்குப் பட்டது.

மருத்துவரைக் குறை கூற இடமில்லை. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோரின் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டதாக மதிப்பிட்டது. இத்துணைப் பேருக்கும் ஒரே பத்தியம் எவ்வாறு பொருந்தும்? அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையும், எல்லோருக்கும் ஏற்ற ஒரே உணவு முறை என ஒன்று இல்லை என்றே கூறிற்று. சோற்றையும் மாவுப் பண்டங்களையும் வெகுவாகக் குறைப்பது ஒரு வழி. மொத்த உணவையே அளவிட்டு உடல் எடையை இறக்குவது மற்றொன்று. தானியத்தைத் தவிட்டோடு அளவாக உண்டு, பருப்பும் மீனும் காய்கறியும் கொட்டைகளும் மிகுதியாகச் சேர்க்கும் மத்தியதரைக் கடல் நாட்டார் வழி வேறொன்று. மாவுச்சத்துக் குறைந்த காய்கறிகள் தட்டில் பெருக வேண்டும், சேர்க்கும் சர்க்கரையும் தீட்டிய தானியமும் சுருங்க வேண்டும் என்பதில் இவை ஒன்றுபடுகின்றன. பிரிவதெல்லாம் கிளைகளில்தான்.

இதைக் கேட்டதும் மார்க்கக் கல்வி கற்றவர் எவர்க்கும் மத்ஹபுகள் நினைவுக்கு வரும். இமாம்கள் நால்வரின் வழியும் சரியான வழியே. நம் ஊர்ப் பள்ளிகளில் ஹனஃபியும் ஷாஃபியும் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். ஆயினும் பிக்ஹுப் பாடத்தில் மாணவர்க்கு நாம் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவதுண்டு. உளூ உள்ள ஒருவருக்கு உடலில் இரத்தம் வழிகிறது. ஹனஃபி மத்ஹபில் உளூ முறிந்துவிடும். அவரோ, "ஷாஃபியில் முறியாது" என்கிறார். பின்னர் அவர் கை தம் மனைவியின் மேனியில் படுகிறது, ஷாஃபியில் முறிந்துவிடும். அப்போது, "ஹனஃபியில் முறியாது" என்கிறார். அவ்வாறே சென்று தொழுதால் இரு இமாம்களுள் எவரிடத்தும் அத்தொழுகை கூடாது. இருவரும் சரியானவர்கள், இவரோ இருவரையும் பின்பற்றவில்லை. தம் வசதியையே பின்பற்றினார். தல்ஃபீக் என்று சட்ட அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர்.

பத்தியத்திலும் இதுவே நடக்கிறது. சோற்றை ஏறக்குறைய நீக்கிவிடும் முறையில் நெய்க்கும் இறைச்சிக்கும் இடமுண்டு; சோறு இல்லை என்பதனால்தான் அந்த இடம். கொழுப்பைக் கட்டுப்படுத்தும் முறையில் தானியத்துக்கு அளவான இடமுண்டு. நெய் ஒதுங்கிக்கொண்டதனால்தான் அந்த இடம். நம் நஃப்ஸு முதலாவதிலிருந்து நெய்யை எடுத்துக்கொள்கிறது, இரண்டாவதிலிருந்து சோற்றை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் கூட்டினால் வருவது நெய்ச்சோறு!

சிரிப்பதற்காக இதைக் கூறவில்லை. நோய் கண்ட முதலாண்டில் நாமே இதைச் செய்தோம். சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறினோம். தேனில் நிவாரணம் உண்டென்று திருமறை கூறுவதைச் சான்றாக வைத்துக்கொண்டோம். தேனின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பேரீச்சம்பழம் சுன்னத்து என்றோம். சுன்னத்தான எண்ணிக்கையோடு நிறுத்தினோமில்லை. அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு வந்தோம், அதுவும் கூழாகக் காய்ச்சி இரண்டு கிண்ணம். கேழ்வரகிலும் கோதுமையிலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து இருக்கிறது. பெயர் மாறியதனால் அளவு குறைந்துவிடுவதில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, "நாம் பத்தியத்தில் இருக்கிறோம்" என்று பிறரிடம் கூறியும் வந்தோம்.

நாவு கூறியதை இரத்தம் மறுத்தது. குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாள்களில் அதன்மீது படிந்த சர்க்கரையை அளந்து கூறும் சோதனை ஒன்றுண்டு. சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து அதனை ஏமாற்ற முடியாது. நமக்கு அது 9.1 என்று வந்தது. 7க்குள் இருக்க வேண்டும் என மருத்துவர் முன்பே கூறியிருந்தார். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே அமர்ந்திருந்தபோது நம் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் இதே நோயில் முதலில் கால்விரலையும் பின்னர் பாதத்தையும் இழந்து, கடைசி நான்கு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதவர். அவரும் தேனைத்தான் நம்பியிருந்தார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில், வயிற்றின் இச்சையையும் மற்றோர் இச்சையையும் முறிப்பது பற்றிய பாகம் ஒன்றுண்டு. பசியின் பயன்களை விரிவாகக் கூறிய பின்னர், உணவைக் குறைப்பவனை நாடிவரும் முகஸ்துதி என்னும் ஆபத்தையும் அவர்கள் அங்குத் தனியே எடுத்துரைக்கின்றார்கள். சபையில் விலக்கியதைத் தனிமையில் உண்பவன் நிலையை அவர்கள் ஆராய்வதை ஓதிக்கொடுத்த காலத்தில், அது சூஃபிகளைப் பற்றிய செய்தி என்றே நாம் எண்ணியிருந்தோம். விருந்தில் இனிப்பை மறுத்துப் பாராட்டுப் பெற்று, வீட்டுக்கு வந்து அலமாரிக்குள் இருந்த தம்ரூட்டைத் தேடிய இரவில்தான் அது நம்மைப் பற்றியது என விளங்கிற்று.

இனி, இதன் மறுபக்கம். கடுமையைத் தேர்பவர் யாவரும் நஃப்ஸை வென்றவர் அல்லர். பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாதவர்கள், மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரையே உண்டனர். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை அடங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில், மருந்துகளை நிறுத்தி, கலக்கிக் குடிக்கும் தனி உணவு கொடுத்துச் செய்தது. நமக்குத் தெரிந்த ஒருவர் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு உணவைப் பாதிக்கு மேல் குறைத்தார். மூன்றாம் நாள் கடைத்தெருவில் வியர்த்து விழுந்தார். சில மாத்திரைகளும் இன்சுலினும் உணவு வரும் என்றெண்ணியே வேலை செய்பவை. உணவு குறைந்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்றியாக வேண்டும்.

ரமளானில் இத்தவறு இன்னும் பெரிதாகிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவ நெறி கூறுகிறது. விரலில் ஊசி குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதுமில்லை. அப்படியிருக்க, சிலர் சோதிக்கவே மறுக்கின்றனர். சோதித்தால் விட நேருமே என்ற அச்சம். தேனை நாடியபோது சலுகையைத் தேடி ஓடிய அதே நஃப்ஸு, இங்கே சலுகையை உதறிப் பெருமை தேடுகிறது.

பத்தியத்தைத் தேர்வதில் நாம் செய்த மற்றொரு பிழையையும் கூற வேண்டும். சமைப்பவரைக் கேளாமல் தேர்ந்தோம். நமக்கெனத் தனிக்காய், தனிப்பருப்பு, சோற்றுக்குப் பதில் வேறொன்று எனப் பட்டியலிட்டு அடுக்களையில் ஒட்டினோம். இரு மாதம் வீட்டார் இரண்டு உலை வைத்தனர். பிறகு ஒருநாள், "உங்கள் நஃப்ஸோடு நீங்கள் போராடுகிறீர்கள், என் முதுகல்லவா வலிக்கிறது?" என்றார். விடை இல்லை நம்மிடம். பத்தியத்தின் நன்மையை ஒருவர் எடுத்துக்கொண்டு, பாரத்தை இன்னொருவர் தலையில் வைப்பது என்ன நியாயம்? அன்று இருவரும் அமர்ந்து பேசினோம். வீடு முழுவதற்கும் ஒரே சமையல். காய் இரண்டு பங்கு, மீன் குழம்பு, கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒன்று. சோற்றை மட்டும் நாம் ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொள்வது. காய் நறுக்குவது நம் வேலை. மூன்று உணவு முறைகளுள் இது எதைச் சேர்ந்தது என்று கேட்டால், மத்தியதரைக் கடல் வழிக்கு அண்மையில் வரும். மருத்துவரும் ஏற்றார். அடுத்த ஆண்டு சோதனையில் 7.2 வந்தது. கிண்ணத்தை இன்னும் மாற்றவில்லை.

விருந்துதான் இன்றும் சிக்கல். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ என அளவு சொல்கிறார்கள். சஹனில் உண்பவருக்குப் பாதி எது, கால் எது? கடற்கரை ஊர்களில் சிலர் கூடி ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தால், சோறு குறையக் குறைய மேலே கொட்டிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்திலிருப்பவர் அன்பு மிகுதியால் நல்ல துண்டையெல்லாம் நம் பக்கம் தள்ளுவார். வேண்டாம் என்றால் முகம் வாடும். இதில் நமக்குத் துணை நிற்பது ஒரு நிகழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்களின் விரிப்பில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அதை ஹராமென்று கூறவில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அதையே உண்டார்கள். மறுத்தலும் உண்ணலும் ஒரே விரிப்பில் நடந்தன. எவருடைய மனமும் முறியவில்லை.

நம் நண்பருக்கு இவற்றையெல்லாம் கூறி, "மூன்றில் எதையும் எடுங்கள், எடுத்ததை முழுமையாக எடுங்கள், எடுக்குமுன் வீட்டாரைக் கேளுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "வருகிற ஞாயிறு வலீமா இருக்கிறதே, அங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். விருந்து வீட்டாரிடம் முன்னரே கூறித் தனித்தட்டு கேட்டிருப்பதாகச் சொன்னோம்.

"அப்படியானால் எனக்கும் ஒன்று சொல்லிவையுங்கள்" என்றார்.