இருட்டு யாருடையது

இம்மானுவேல் காண்ட் 1788ல் வெளியிட்ட நூலின் முடிவில் விண்மீன் வானத்தையும் மனிதனுக்குள்ளிருக்கும் தார்மீக விதியையும் அடுத்தடுத்து வைத்துப் பேசினார். அந்த ஜோடி அதற்குப் பிறகு மேற்கோள் தொகுப்புகளில் குடியேறிவிட்டது. இரண்டையும் அவர் அவ்வளவு சுலபமாகச் சேர்த்து வைத்ததற்கு லௌகீகமான ஒரு காரணமும் உண்டு. அவருடைய கோனிக்ஸ்பெர்க்கில் மின்விளக்கு கிடையாது. வாசலில் இறங்கி அண்ணாந்தால் வானம் இருந்தது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விண்மீன் பார்ப்பதே ஒரு தார்மீகப் பிரச்னையாகலாம் என்று அவருக்குத் தோன்ற நியாயமில்லை. நமக்கு அப்படியில்லை.

2023ல் தை அமாவாசை சனிக்கிழமையன்று விழுந்தது. அமெச்சூர் வானியல்காரர்கள் சிலருடன் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மேற்கே வெள்ளியும் சனியும் நெருங்கி நின்று மறைந்தன. ஆனால் எல்லோரும் வந்தது அதற்கல்ல, விடியலுக்கு முன் வடக்கே தெரியவிருந்த வால்நட்சத்திரத்துக்கு. சுமார் 50,000 வருஷங்களுக்கு முன் ஒருமுறை வந்து போனது என்று கணக்கிட்டிருந்தார்கள். வெறுங்கண்ணின் எல்லையில் நிற்கும் மங்கல். அதற்குக் கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும்; ஒரு நொடி வெளிச்சம் பட்டால் பழகியது போயிற்று. டார்ச்சுகளுக்கெல்லாம் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தோம். மைதானத்து ஓரத்தில் ஊரின் தெருவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நண்பர் ஒருவர் போய்க் கேட்டார். கம்பளி போர்த்திய ஒரு பெரியவர் வந்தார். 'இது வந்தே கொஞ்ச நாளுதான் சார் ஆவுது. பரவால்ல, அணைச்சிடலாம் சார்' என்று சொல்லி அணைத்தார். வால்நட்சத்திரம் தெரிந்தது. நேராகப் பார்த்தால் கரைந்துபோகும், சற்றே விலகிப் பார்த்தால் நிற்கும் ஒரு புகைத்திட்டு. நல்ல காட்சிதான். அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அந்த விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இருட்டு ஒரு அனுபவம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் முடிந்துவிடும். அவருக்கு அது நேற்று வரை ஒரு நிலைமை. பாம்பு, பிரசவ வலி, ராத்திரியில் வெளியே போக வேண்டிய பெண்கள் எல்லாம் அடங்கிய நிலைமை. நாங்கள் தேடிப் போனதும் அவர் தப்பி வந்ததும் ஒரே பொருள்.

இந்த இடத்தில் சுலபமான தீர்ப்பு ஒன்று தயாராக இருக்கிறது. விளக்கு தேவை, விண்மீன் ஆடம்பரம், ஆகவே வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பு என்பது. இதை நான் ஏற்கவில்லை. பயனற்ற பார்வைக்கு உரிமையில்லை என்று ஒப்புக்கொண்டால் சில நூறு பிரதிகள் அச்சாகும் இந்த மாதிரிப் பத்திரிகையையும் அன்றே மூடவேண்டியதுதான். தேவையின் பெயரால் மற்றதையெல்லாம் துடைத்தெறிகிற குரல் ஏழையின் குரலாக இருப்பது அபூர்வம்.

தீர்ப்பு தப்பாவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. வானத்தை மறைத்தது அந்த விளக்கா? வடக்கே அடிவானத்தில், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பக்கம், வெளிறிய திரை ஒன்று நின்றது. அதை அணைக்கச் சொல்லி யாரிடம் போவது? கேட்க முடிந்த இடத்தில் கேட்டோம். வங்கிக் கவுண்ட்டரில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு இது பழகிய வழக்கம்: பெரிய கடனாளிக்கு அவகாசம், சிறிய கடனாளிக்கு நோட்டீஸ். விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் தெருவுக்கு நஷ்டமில்லை, வானத்துக்கு லாபம். இதை முதலில் செய்ய வேண்டியவை நகரங்கள். தியாகம் மட்டும் மலைக்கு வந்து சேர்கிறது.

ராதாகோவிந்த சந்திரா (1878-1975) இங்கே நினைவுக்கு வருகிறார். ஜெஸ்ஸோர் கருவூலத்தில் குமாஸ்தா. மாறொளி விண்மீன்களின் பிரகாசத்தை மதிப்பிட்டு 37,000க்கு மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்கச் சங்கமொன்றுக்கு அனுப்பியவர். அவர்கள் 1926ல் அவருக்கு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவல் தந்தார்கள். அது பிற்பாடு வேணு பாப்புவிடம் வந்து, இதே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தது. சந்திரா இருட்டைத் தேடிப் பிரயாணம் போனவரல்ல. தன் ஊரில் இருந்த இருட்டில் உட்கார்ந்து வேலை செய்தார். யாருடைய விளக்கையும் அணைக்கவில்லை. இருட்டுக்கு ஒரு விலை உண்டென்றால் அதை உழைப்பாகக் கொடுத்தவர் அவர்.

எல்லோரும் சந்திராவாக முடியாது. லடாக்கில் 4,000 மீட்டருக்கு மேலுள்ள ஹான்லேயை 2022ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஜன்னல்களுக்குத் திரை, விளக்குகளுக்கு மூடி என்று ஊர் ஒத்துழைக்கிறது. பதிலுக்கு ஊர்க்காரர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இருட்டும் விற்பனைக்கு வந்துவிட்டதே என்று ஒருவர் முகம் சுளிக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் விற்க முடிவது உடைமையை மட்டுந்தான். அங்கே இருட்டு ஊருடையது என்பதாவது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

ஆகவே கேட்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. கேட்கப்படுபவன் மறுக்க முடியுமா என்பது. மறுக்க முடியாத இடத்தில் வைக்கப்படும் வேண்டுகோள் வேண்டுகோளல்ல. எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் உத்தரவுதான். அந்தப் பெரியவருடைய சம்மதத்தில் இரண்டு முறை வந்த 'சார்' எதைச் சொல்கிறது என்று நாம் எல்லோருமே அறிவோம். முடியாது என்று அவர் சாதாரணமாகச் சொல்லக்கூடிய காலம் வரும்வரை, அவர் தந்த இரண்டு மணி நேர இருட்டை அன்பளிப்பு என்று கணக்கில் எழுத முடியாது.