இரண்டு திர்ஹமும் ஒரு கோடரியும்

கல்லூரிக்குப் போகும் மகன் மாலையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மாதம் பிறந்ததும் கூலி வருகிறது. அதை அத்தாவின் கையில் கொடுத்துவிட வேண்டுமா, தானே வைத்துக்கொள்ளலாமா? நமது வீடுகளில் அடிக்கடி எழும் இந்தக் கேள்வியைப் பணத்தைப் பற்றிய கேள்வியாகவே பலரும் நினைக்கிறார்கள். சற்று நிதானமாகப் பார்த்தால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பது விளங்கும். எப்படிப்பட்ட வேலையைத் தேடுவது, எதை வேண்டாமென்று விடுவது என்பதே அது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். தம் தந்தை தம் பொருளை எடுத்துக்கொள்கிறார் என்று ஒருவர் முறையிட்டபோது, அவரும் அவருடைய பொருளும் தந்தைக்கே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னதாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீது வருகிறது. இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தகப்பன்மார்கள் நம்மில் உண்டு. ஆனால் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் இதற்கு, தேவையுள்ள தந்தை தம் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம் என்றே பொருள் கொண்டார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் எளிமையானது. பிள்ளையை விட்டுவிட்டு மகன் இறந்துபோனால் அவன் சொத்தில் தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு என்று குர்ஆன் வரையறுக்கிறது. எல்லாமே தந்தையுடையது என்றால், ஆறில் ஒன்று என்ற கணக்குக்கு என்ன வேலை?

ஆகவே வீட்டில் வறுமை இருந்தால் மகன் கொடுக்கத்தான் வேண்டும். வறுமை இல்லாத வீட்டில் கேட்டு வாங்குவதற்குத் தயங்கத்தான் வேண்டும். இவ்வளவோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? முடியவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் உள்ள ஒரு சம்பவத்தை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருந்தன. இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே ஏலம் போட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டாருக்குக் கொடு, இன்னொன்றுக்குக் கோடரி வாங்கி வா என்றார்கள். கோடரி வந்ததும் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் பத்து திர்ஹம் இருந்தது.

இதில் என்னை யோசிக்க வைப்பது அந்தப் பங்கீடு. அன்றைக்கு அந்த வீட்டில் பசி இருந்தது. இரண்டு திர்ஹத்துக்கும் உணவு வாங்கியிருந்தால் குறை சொல்ல யாருமில்லை. அப்படியிருந்தும் சரிபாதி கோடரிக்குப் போயிற்று. மாலை நேரக் கூலிக்கும் இதே இரண்டு பங்குகள் உண்டு. கையில் வருவது ஒரு பங்கு. கையிலேயே தங்கிவிடும் தொழில் மறுபங்கு. முதல் பங்கை அத்தா வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதை அவர் நினைத்தாலும் வாங்க முடியாது. ஆனால் அது வளரவிடாமல் தடுத்துவிட அவரால் முடியும்.

மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கும் செல்லூரை எடுத்துக்கொள்வோம். கோரிப்பாளையம் தர்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். தறிச் சத்தத்துக்குப் பேர்போன பகுதி. கைத்தறி நெய்த வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றும். அதைப் பகுதி நேர வேலை என்று யாரும் சொன்னதில்லை. நூல் அறுந்த இடத்தை விரலாலேயே கண்டுபிடிக்க முதலில் பழகும். பிறகு பாவு பிணைக்கக் கற்கும். கால் எட்டும் வயது வந்ததும் தறியில் உட்காரும். காசு கைக்கு வராது, தொழில் வந்துவிடும். அதே ராட்டையின் முன் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2016-ல் திருத்தப்பட்ட சட்டம், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்கிறது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக உதவலாம் என்பது அதிலுள்ள விலக்குகளில் ஒன்று. பதினெட்டு வரை அபாயமான வேலை கூடாது. விசைத்தறி வந்த பிறகு ஒருவரே பல தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். சிறுகச் சிறுகக் கற்றுக்கொள்ளும் அந்தப் படிகள் குறைந்துவிட்டன.

இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை வைகைப் பாலத்தைத் தாண்டி வேலை தேடுகிறான். விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கத்துத் துணிக்கடைகளில் பண்டிகைக் காலத்துக்கு ஆள் எடுப்பார்கள். சிம்மக்கல், யானைக்கல் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கு எழுத ஆள் கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் இருந்தால் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை உடனே கிடைக்கும். காசு சீக்கிரம் வருவது இந்தக் கடைசி வேலையில்தான். ஊரின் சந்துபொந்துகளைத் தவிர வேறெதுவும் அதில் கற்க முடியாது என்பது என் அபிப்பிராயம். துணிக்கடையில் நிற்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் ஒரு முறை கவனித்துப் பார்க்கட்டும். வந்தவர் மனமறிந்து பேசுவதும், எத்தனை சேலையை விரித்துக் காட்டினாலும் முகம் கோணாமல் இருப்பதும், இருப்பைக் கணக்கில் வைப்பதும் எந்தக் கல்லூரியிலும் பாடமாக இல்லை. கணக்கு எழுதும் இடத்தில் கம்ப்யூட்டரில் பில் போடவும், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கவும் பழகலாம். கூலி குறைவாயிருந்தாலும் கோடரி அங்கேதான் இருக்கிறது.

வேலையில் சேராமலே வாங்கக்கூடிய கோடரிகளும் உண்டு. தட்டச்சு அவற்றில் ஒன்று. அரசின் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். காலம் மாறிவிட்டது என்று சிரிப்பவர்கள், நான்காம் தொகுதித் தேர்வில் தட்டச்சர் பணிக்கு இன்றும் அந்தச் சான்றிதழ் கேட்கப்படுவதை அறிய வேண்டும். கல்லூரிகளில் 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' பயிற்சிகள் இருக்கின்றன. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கான நூல்களைக் காசில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம்.

சரி, வேலையைத் தேடுவது எப்படி? மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். ஊர் தெரியாது, ஆள் தெரியாது. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குக் கூலி கேளாமல் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களில் ஒருவரே தம் தந்தையிடம், வலுவும் நம்பிக்கையும் உள்ளவர், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் சிபாரிசு செய்தார். உழைத்ததை நேரில் பார்த்தவரின் வாயிலிருந்து வந்த சிபாரிசு அது. அதன் பிறகு அந்த முதியவர் எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து என்று காலத்தை முன்கூட்டியே பேசி முடித்தார். நம் பிள்ளைகள் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு வருவது, எப்போது போவது, பரீட்சை சமயத்தில் எத்தனை நாள் விடுப்பு, எந்தத் தேதியில் கூலி என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முதல் நாளில் கேட்டால் அது பேச்சு. மூன்றாம் மாதத்தில் கேட்டால் தகராறு. பேசி முடித்த பிறகு முதலாளியின் நேரம் அமானிதம். கல்லாவில் இருந்து காசெடுக்க அஞ்சும் பிள்ளை, கடை நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க அஞ்சுவதில்லை.

பெற்றோரிடமும் ஓர் அமானிதம் இருக்கிறது. மாதம் நாலாயிரமோ ஐயாயிரமோ வரத் தொடங்கியதும், "காலேஜில் என்ன கிழிக்கிறாய், முழு நேரமாகவே போயேன்" என்ற பேச்சு சில வீடுகளில் எழுகிறது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமையைப் பற்றி ஓர் அறிவிப்பு உண்டு. தந்தையை இழந்த பிள்ளை. தாய் ஒரு சலவைத் தொழிலாளியிடம் சேர்த்துவிட்டார். பையனோ வழியில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். தாய் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார். தாயின் மீது குற்றமில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! இந்நிலையில், துணி வியாபாரியாகவும் இருந்த இமாம் அவர்கள் அம்மாணவரின் செலவுக்குத் தாமே பணம் கொடுத்துவந்ததாக வரலாறு கூறுகிறது. அந்தப் பையன்தான் பின்னாளில் கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாக இருந்தவர்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். வீட்டிலிருந்தபடியே தையல் தைத்தும், சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்தும், டியூஷன் எடுத்தும் அவர்கள் சம்பாதிக்கிறார்கள். ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் தெளிவாக்கியிருக்கிறது. நாமோ மகளின் கூலியை, கேட்காமலே அவள் கல்யாணச் செலவில் வரவு வைத்துவிடுகிறோம். மகனுக்காவது தட்டச்சு வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். மகள் உட்காரும் தையல் மிஷின் பழுதானால், அதைச் சரிபார்க்கும் செலவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது.